சுடுவதற்கு ஒரு கட்டுக் குச்சி

அர்லெத் கபானெல் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அது அவளுக்கு ஒரு வியாதி. தபால்காரி வந்தால் நாலு முட்டை, மீட்டர் பார்க்க வருகிறவனுக்கு ஒரு புட்டி பிளம் ஜாம், பாதிரியாருக்கு உப்பில் ஊறிய வாத்துக் கால். கேரவன்காரர்களுக்கு, கிளம்புகிற காலையில், ஒரு கட்டுத் திராட்சைக் குச்சி. அந்தக் குச்சியில்தான் அவள் வாழ்க்கையே போய் மாட்டிக்கொண்டது.

குச்சி கொடுப்பது அவள் கண்டுபிடித்ததல்ல. எங்கள் கஸ்கோன் பக்கம் கொடி வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான். குளிர்காலக் கடைசியில் கவாத்து செய்யும்போது விழுகிற குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, நிலவறைச் சுவரோரம் காயப் போடுவோம். காய்ந்த குச்சித் தணலில் வாத்து நெஞ்சுக்கறியைச் சுட்டுப் பாருங்கள், மூன்றாம் வீட்டுக்காரன் கையில் ரொட்டியோடு வந்து நிற்பான். நகரத்துக்காரர்களுக்கு இந்தக் கட்டு என்றால் உயிர். எங்களுக்கோ அது கொல்லையில் கிடக்கும் குப்பை. குப்பையைக் கொடுத்து நல்ல பேர் வாங்குவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

கேரவன்காரர்கள் வருவதற்கும் ஒரு முறை உண்டு. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்றதுகள் ஜோடி ஜோடியாக ஊர் ஊராய்ப் போய் ஒயின் ருசி பார்க்கும். எங்களில் சிலர் முற்றத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறோம். ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்ளலாம், வாடகை கிடையாது. ஒயின் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று சட்டமும் இல்லை. ஆனால் நாலு கிளாஸ் ருசி பார்த்துவிட்டு ஒரு பாட்டில்கூட எடுக்காமல் போகிறவன் முகத்தை நாங்கள் சாகும்வரை மறப்பதில்லை.

நான் ரெமோந்த். அடுத்த பண்ணைக்காரி. அர்லெத்தும் நானும் ஆறு வயதிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் புருஷன் ஃபெர்னான் டிராக்டர் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது. பிள்ளை குட்டி கிடையாது. நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்குப் போகச் சொல்லி ஊரே ஓதியது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் கத்தரியை எடுத்துக்கொண்டு கவாத்துக்குப் போய்விட்டாள். "ஏன்டி, ரெண்டு நாள் படுத்துக் கெடக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "கொடி என்ன, எனக்காகத் துக்கம் கொண்டாடிட்டு நிக்குமா?" என்றாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் மணல் சரிவில் ஒரே ஒரு வரிசை இருந்தது. நாற்பத்தேழு கொடி. ஒவ்வொன்றும் என் தொடை பருமன். யார் நட்டது என்று தெரியாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வேரைத் தின்கிற பூச்சி வந்து நாட்டையே மொட்டையடித்தபோது, மணலில் பூச்சி ஊர முடியாததால் தப்பித்தவை. அந்த ரகம் வேறு எங்கேயும் கிடையாது. அதை நாங்கள் 'செவிடி' என்போம். ஏப்ரலில் வெயில் கூப்பிட்டால் மற்ற கொடிகளெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு துளிர்விடும், அடுத்த வாரம் பனி வந்து கருக்கிவிடும். செவிடிக்கு ஏப்ரல் கூப்பிடுவது காதிலேயே விழாது. மே பாதியில்தான் கண்ணைத் திறப்பாள். ஒரு வருஷம்கூட அவள் கருகியதில்லை.

அர்லெத்துக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். செவிடியை அரசாங்கப் பட்டியலில் அந்தப் பெயரிலேயே ஏற்றிவிட வேண்டும். பட்டியலில் இல்லாத கொடியிலிருந்து ஒயின் எடுத்து விற்க முடியாது. அவள் கண்ணை மூடினால், நிலத்தை வாங்குகிறவன் முதல் வேலையாக அந்த வரிசையைப் பிடுங்கி எறிந்துவிட்டு விலைபோகிற ரகம் எதையாவது நடுவான். "நான் போனா என்னோட அவளும் போயிடுவாடி. பேர் ஒண்ணு இருந்தா எவனும் கை வெக்க மாட்டான்" என்பாள். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைப்பதைப் போலத்தான் அதைப் பேசுவாள்.

ரெஜிஸ் வந்தது அப்போதுதான். கிழக்கே சவோய் மலைப்பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். பெண்டாட்டி கொலெத். வெள்ளைக் கேரவன், பின்னால் இரண்டு சைக்கிள். வந்த முதல் நாளே ஆறு பாட்டில் வாங்கினார், பாத்திரம் கழுவினார், நாய்க்கு முள் எடுத்துவிட்டார். மற்ற கேரவன்காரர்கள் வெயிலுக்கு வருவார்கள், அறுவடைக்கு வருவார்கள். இவர் மட்டும் பிப்ரவரியில், கை விறைக்கிற குளிரில் வருவார். "கவாத்துக் கத்துக்கணும் மதாம்" என்பார். ஆறு பிப்ரவரி வந்தார். எந்தப் பைத்தியக்காரன் பிப்ரவரியில் உல்லாசப் பயணம் போவான் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. போதும், இனிமேல் 'அவன்' என்றே சொல்கிறேன். 'அவர்' என்று சொல்லச் சொல்ல வாய் கசக்கிறது.

அர்லெத் அவனை வீட்டுக்குள் ஏற்றினாள். ஃபெர்னானின் மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளக் கொடுத்தாள். பதினைந்து வருஷம் ஆணியில் தொங்கிய கோட்டு, நான் தூசி தட்டப் போனால்கூடக் கையைத் தட்டிவிடுவாள். செவிடிக் கதை முழுவதையும் சொன்னாள். அவன் தன் மடக்கு மேஜையை வால்நட் மரத்தடியில் போட்டு, அவளுக்காக மனு எழுதினான். இலையின் படம், காயின் அளவு, துளிர்க்கிற தேதி, எல்லாம் வாத்தியார் கையெழுத்தில் முத்து முத்தாக. "தபால்ல போட்டா எங்கயாவது தொலைஞ்சுபோகும் மதாம். நானே நேர்ல குடுத்துடறேன்" என்றான். அவள் அன்றைக்கு அவனுக்கு ஒரு முழு வாத்தே சமைத்தாள்.

கிளம்பும் காலையில் வழக்கமான கட்டு. "அந்தப் பின் வரிசைக் குச்சியே குடுங்களேன் மதாம். கறிக்கு அதோட மணமே தனி" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செவிடியின் மணத்தைக் கண்டுகொண்ட முதல் மனுஷன்! தன் கையாலேயே வெட்டி, தன் கையாலேயே கட்டிக் கொடுத்தாள். ஆறு வருஷமும்.

இங்கே என் பங்கைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, கொலெத்துக்குப் பாலாடைக்கட்டி கொடுக்க அவர்கள் வண்டிக்குள் ஏறினேன். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே அந்தக் குச்சிக் கட்டு, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போட்டு, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி கிடந்தது. "என்ன கொலெத் இது, விறகை ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கீங்க?" என்றேன். அவள் முகம் ஒரு கணம் மாறியது. "மணம் போகாம இருக்கத்தான்" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமும் சொல்லிச் சிரித்தேன். டவுன்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதானே எங்கள் வேதம்! சுடுகிற குச்சியைக் காயப் போடுவார்கள், நடுகிற குச்சியைத்தான் ஈரத்தில் வைப்பார்கள். ஐம்பது வருஷமாக அதையே செய்கிற எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

ஆறாவது வருஷம் ரெஜிஸ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தான். மனு தள்ளுபடியாம். "ஏற்கனவே இருக்கற ஏதோ ஒரு ரகம்தானாம் மதாம். புதுசா ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றான். அர்லெத் அடுப்படியில் போய் நின்று வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள். அடுத்த வருஷத்திலிருந்து அவனுக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாழ்த்து அட்டை வரும். அதை அவள் அலமாரியில் ஃபெர்னான் படத்துக்குப் பக்கத்தில் வைப்பாள்.

நாலு வருஷம் கழித்து, ஒரு ஜூன் மாதம், டவுனில் விவசாயக் கண்காட்சி. நாங்கள் இரண்டு பேரும் புதுக் கத்தரி வாங்கப் போயிருந்தோம். ஒரு நர்சரிக் கடை. வாசலில் தொட்டித் தொட்டியாகத் திராட்சைக் கன்று. பெரிய பலகை: 'எலோடி வெள்ளை. பனிக்கு அஞ்சாத புது ரகம்.' பக்கத்தில் சிரிக்கிற ஒரு சின்னப் பெண்ணின் படம். அர்லெத் சட்டென்று நின்றுவிட்டாள். குனிந்து ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் வெள்ளைப் பஞ்சு, காம்பில் சிவப்பு. கொடி பிடித்துப் படர்கிற அந்தச் சுருள் நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். எங்கள் ஊரில் கண்ணை நம்பாதபோது அப்படித்தான் செய்வோம். அவள் மென்றுகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னடி, சொல்லித் தொலை" என்றேன்.

"அவதான்" என்றாள். "நம்ம செவிடி."

கடைக்காரப் பையன் பெருமையாகச் சொன்னான், இது சவோயில் எங்கள் முதலாளி கண்டுபிடித்தது, அவர் மாமனார் பழைய பூகோள வாத்தியார், காட்டில் அனாதையாகக் கிடந்த கொடியைத் தேடி எடுத்தாராம், பேத்தி எலோடியின் பெயரையே வைத்தார்களாம். காட்டிலாம்! அனாதையாம்! நான் அந்தப் பலகையைப் பிடுங்கி அவன் தலையில் போட்டிருப்பேன். அர்லெத்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கத்தரி வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று சாயங்காலமே அவனுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"மெஸ்யே ரெஜிஸ், அந்த மனுவ நீங்க குடுக்கவே இல்லையா?"

அவன் வாத்தியார் குரலில் ஆரம்பித்தான். "மதாம் அர்லெத், உங்க பேர்ல போனா அது நடந்திருக்காது. பத்து வருஷம் பரிசோதனை, நெலம், செலவு... என் மருமகன்கிட்ட அதெல்லாம் இருந்துச்சு. நான் ஒண்ணும் திருடல. ஒரு குச்சியையாவது உங்களக் கேக்காம எடுத்தேனா? நீங்கதானே உங்க கையால கட்டிக் குடுத்தீங்க?"

அர்லெத் ஃபோனை வைத்துவிட்டாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனைத் திட்ட எனக்கு நூறு வார்த்தை இருந்தது. அவளோ தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "அவன் சொல்றது சரிதானே ரெமோந்த். இந்தக் கைதானே குடுத்துச்சு" என்றாள். அதைத்தான் என்னால் இன்னமும் தாங்க முடியவில்லை. அவன் எடுத்துக்கொண்டு போனான், குற்றவாளி மாதிரி இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதற்கு இரண்டாவது இலையுதிர் காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் மஞ்சள் நோய் வந்தது. சின்னத் தத்துப்பூச்சி ஒன்று கொடிக்குக் கொடி பரப்புகிற நோய், மருந்தே கிடையாது. ஐந்தில் ஒரு கொடிக்கு வந்துவிட்டால் மொத்த வரிசையையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது சட்டம். செவிடி வரிசையில் பன்னிரண்டு கொடிக்கு வந்திருந்தது. சோதனைக்கு வந்த பெண் நல்லவள், கண் கலங்கிக்கொண்டேதான் காகிதத்தை நீட்டினாள். நவம்பரில் என் புருஷன் டிராக்டரைக் கொண்டுபோய்ச் சங்கிலி கட்டி இழுத்தார். அர்லெத்தே தீ வைத்தாள். நாற்பத்தேழும் எரிந்தன. நனைந்த கட்டை, மூன்று நாள் புகைந்துகொண்டே இருந்தது.

ஜனவரி முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிப்ரவரி முதல் வாரம் வந்து கதவைத் தட்டினாள். "உன் மாப்பிள்ளையோட கேரவன் சும்மாத்தானே நிக்குது? கேளு" என்றாள்.

"எங்கடி போற?"

"ஊர் சுத்த. நாப்பது வருஷமா வர்றவங்களுக்கு வழி சொல்றேன். நான் எங்கயாவது போயிருக்கேனா?"

எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? என் புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு கெழவிங்க, மூணு டன் வண்டி" என்றார். டிராக்டர் ஓட்டுகிறவளுக்குக் கேரவன் ஒரு பொருட்டா? அர்லெத் ஓட்டினாள், நான் வரைபடம் பார்த்தேன், இரண்டு தடவை தப்பான பாலத்தில் ஏற்றிவிட்டேன். முதல் ராத்திரி காயாக் பக்கம், அடுத்தது மினெர்வுவா, பிறகு ரோன் நதிக்கரை. எல்லா இடத்திலும் எங்களைப் போன்றவர்கள்தான், முற்றத்தைத் திறந்துவிட்டவர்கள். வண்டியை நிறுத்தியதும் அர்லெத் முதலில் அவர்கள் கொடியைப் போய்ப் பார்ப்பாள். "இதுக்குப் பேரு கவாத்தா? சவரம் பண்ணி விட்டிருக்கான்" என்று என் காதில் முணுமுணுப்பாள். ஒயின் ருசி பார்ப்போம், பாட்டில் வாங்குவோம். காலையில் கிளம்பும்போது ஒவ்வொருவரும் ஒரு கட்டுக் குச்சியை நீட்டுவார்கள். முதல் கட்டை வாங்கியபோது அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த வீட்டுக்காரி ஒன்றும் புரியாமல், குளிர் என்று நினைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது நாள் சாயங்காலம் என்னால் அடக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜில் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். கண்காட்சி நாளிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாக இருந்த விஷயம். அவள் சாலையைப் பார்த்தபடியே வெகுதூரம் ஓட்டினாள். ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"குச்சிய ஃப்ரிட்ஜ்ல வெச்சதப் பாத்துச் சிரிச்சியாக்கும்?"

"ஆமாடி."

"நானும் சிரிச்சுத்தான் இருப்பேன். போய் பெட்ரோலுக்குக் காசு கட்டிட்டு வா" என்றாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ரெஜிஸ் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். மலையெல்லாம் பனி. வீட்டை ஒட்டி மருமகனின் நர்சரி, அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகச் செவிடி. கவாத்து அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. ரெஜிஸ் கம்பூன்றிக்கொண்டு வெளியே வந்தான். முழங்கால் வலி மட்டும் உண்மைதான் போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் கம்பு வழுக்கியது.

"மதாம் அர்லெத்..."

"ஒரு ராத்திரி வண்டி நிறுத்திக்கலாமா மெஸ்யே ரெஜிஸ்? எங்க பக்கம் இதுக்குக் காசு வாங்கறதில்ல. உங்க பக்கம் எப்படி?"

அவன் கம்பால் முற்றத்து மூலையைக் காட்டினான். கொலெத் தட்டில் மூன்று கிளாஸ் வைத்து எலோடி வெள்ளையைக் கொண்டுவந்தாள். அர்லெத் கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நெடுநேரம் முகர்ந்தாள். குடிக்காமல் அப்படியே தட்டில் திருப்பி வைத்தாள். "நல்லாத்தான் வெச்சிருக்கீங்க அவள" என்றாள்.

காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கினாள். மருமகனும் வந்து கைகட்டி நின்றிருந்தான்.

"கெளம்பறோம். எங்க ஊர்ல கெளம்பறவங்கள வெறுங்கையோட அனுப்பறதில்ல. ஒரு கட்டுக் குச்சி வேணும், கறி சுடறதுக்கு."

மருமகன் முந்திக்கொண்டான். "மன்னிக்கணும் மதாம். இந்த ரகம் எங்க பேர்ல பதிவானது. ஒரு குச்சிகூட வெளிய குடுக்கக் கூடாது."

"நடறதுக்குன்னா கேட்டேன்? சுடறதுக்குத்தானே கேட்டேன். உங்க மாமனாரும் அப்படித்தான் கேட்டாரு."

ரெஜிஸ் மருமகனைப் பார்க்கவில்லை. கம்பை ஊன்றி ஊன்றி வரிசைக்குப் போனான். விழுந்து கிடந்ததில் நல்ல குச்சியாகத் தானே பொறுக்கினான், நார் எடுத்துத் தானே கட்டினான். அர்லெத் கட்டிய அதே முடிச்சு, அவள்தானே கற்றுக்கொடுத்தாள். கொண்டுவந்து நீட்டினான். அவள் பழைய செய்தித்தாள் கேட்டாள். முற்றத்துக் குழாயில் அதை நனைத்து, அவர்கள் எல்லோர் கண் முன்னாலும் கட்டைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போட்டாள். வண்டிக்குள் ஏறி, பாலாடைக்கட்டியை ஒதுக்கிவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் படுக்க வைத்தாள். கொலெத் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப... அங்க உங்க வரிசை?" என்றான் ரெஜிஸ்.

"நவம்பர்ல எரிச்சாச்சு. மஞ்சள் நோய்."

அவன் கம்பின்மேல் சாய்ந்தான். பிறகு ஏதோ பிடி கிடைத்தவன் போல நிமிர்ந்தான். "அப்ப நான் அன்னிக்கி எடுத்துட்டு வந்தது நல்லதாப்..."

"அதச் சொல்லாதீங்க" என்றாள் அர்லெத். குரல் உயரவில்லை. "அது எனக்கே தெரியும். அத நெனச்சுத்தான் நவம்பர்லேந்து தூக்கம் இல்ல. உங்களாலதான் அவ பொழச்சா. ஆனா உங்கள என் வீட்டுக்குள்ள விட்டேன் பாருங்க, என் புருஷன் கோட்ட எடுத்துக் குடுத்தேன் பாருங்க, அந்த அர்லெத் செத்துட்டா. இதும் உண்மை, அதும் உண்மை. ரெண்டையும் வெச்சுக்கிட்டு நீங்க இருங்க. நானும் இருந்துக்கறேன்."

மருமகன் விடவில்லை. "எங்க நட்டாலும் அது எலோடிதான் மதாம். வேற பேர் சொல்ல முடியாது" என்றான்.

அர்லெத் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "நீங்க என்ன பேர் வேணா வெச்சுக் கூப்பிடுங்க தம்பி. அவ செவிடி. அவளுக்குக் காது கேக்காது."

குச்சியை என் மணல் சரிவில் நட்டோம், அவள் தோட்டத்தில் அந்தத் தத்துப்பூச்சி இன்னும் இருக்கலாம் என்பதால். மண்வெட்டி பிடித்தது நான். கேட்காமலே பிடித்தேன். துண்டு போட்டு நட்ட அறுபதில் முப்பத்தொன்று பிழைத்தது. ஏப்ரலில் ஊரே பச்சையாகும்போது அவை மட்டும் கம்பாக நின்றன, என் புருஷன் செத்துப்போச்சு என்றார். மே பதினாறாம் தேதி ஒரு கணு உப்பியது. அர்லெத் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கேரவன்கள் இப்போதும் வருகின்றன. வால்நட் மரத்தடியில் இப்போதும் இடம் உண்டு, கிளம்புகிறவர்களுக்கு இப்போதும் ஒரு கட்டுக் குச்சி உண்டு. ஆனால் முந்தின சாயங்காலமே அந்தக் கட்டை அவள் ரொட்டி அடுப்புக்குள் வைத்து, ஒரு கணுவிலும் உயிர் இல்லாதபடி ஒரு மணி நேரம் வாட்டி எடுக்கிறாள். காய்ந்தது, காயாதது எல்லாவற்றையும்தான். வாங்குகிறவர்கள் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போகிறார்கள்.